குறில் தீ, நெடில் காற்று

பீடோர் மில்லில் பழைய பாய்லருக்குக் குழாய் மாற்ற
ஆறு வாரம் வந்திருந்தாள் ஐலா ஹுக்கனென்.
மேனேஜர் 'மிஸ்டர் ஐலா'வுக்கு அறை போட்டிருந்தார்.
தப்பில்லை என்றாள்;
அவள் பாஷையில் அவனும் அவளும் ஒரே சொல்லாம்.
"அப்ப சண்டையில யாரைத் திட்டுறாங்கன்னு எப்படித் தெரியும்?"
எடைமேடை அஞ்சலாட்சி கேட்டாள்.
வெகுநேரம் யோசித்து,
"நாங்கள் அவ்வளவு பேசுவதில்லை" என்றாள்.

ஃபின்லாந்து.
கீழே விழுந்தாலும் உடையாத ஒரு கைபேசியின் ஊராக
மட்டும் அறிந்திருந்தேன்.
மலேசியா அளவு நிலமாம்,
சிலாங்கூரைவிடக் குறைந்த ஜனமாம்.
மிச்ச இடத்தில்?
"மரம். மரம் இல்லாத இடத்தில் ஏரி."
இங்கேயும் அப்படித்தான், செம்பனை;
செம்பனை இல்லாத இடத்தில் கழிவுக்குளம்.

கோடையில் வடக்கே சூரியன் இறங்குவதில்லை,
குளிர்காலத்தில் ஏறுவதில்லை.
"அப்ப நைட் ஷிப்ட் அலவன்ஸ்?" என்றேன்.
முதல்முறையாகச் சிரித்தாள்.
சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்பவள்போல்
குவளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

நாளைக்கு எட்டுக் கோப்பி. பால் இல்லை, சீனி இல்லை.
ஆ சோங் கடையில் அவளுக்கென்றே ஒரு குவளை ஒதுங்கிற்று.
பஸ் நிலையத்தில் அவளுக்கும் அடுத்த ஆளுக்கும் நடுவே
ஒரு லோரி போகலாம்.
அது கோபமில்லை, மரியாதை என்று புரிய
எங்களுக்கு மூன்று வாரம் பிடித்தது.
அதற்குள் அஞ்சலாட்சி
இரண்டு தடவை கோபித்துக்கொண்டு முடித்திருந்தாள்.

நான்காம் வாரம், ஆறிய உலைக்குள் குனிந்து இறங்கினோம்.
ஆறியது என்பது பேச்சுக்குத்தான்; செங்கல் இன்னும் சுட்டது.
புருவத்திலிருந்து வியர்வை சொட்ட,
ஒரு பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து
கண்ணை மூடிக்கொண்டாள்.
வீட்டுக்கு வீடு இப்படி ஒரு சுடும் அறை உண்டாம் அங்கே.
கல்லைக் காயவைத்து, தண்ணீர் வீசி,
துணியில்லாமல் ஆவியில் உட்காருவார்களாம்,
முதலாளியும் தொழிலாளியும்.
முன்பெல்லாம் பிள்ளை பெற்றதும் அங்கேதான்,
பிணம் கழுவியதும் அங்கேதான்.
முப்பது வருஷம் இந்தச் சூட்டில் நிற்கிறேன்.
இதில் உட்காரலாம் என்று எனக்குத் தோன்றியதில்லை.

அந்த இருட்டில்தான் மற்றதைச் சொன்னாள்.
சுவீடனுக்குக் கீழே அறுநூறு வருஷம்,
ரஷ்யாவுக்குக் கீழே நூறு.
பஞ்சத்தில் பைன் மரப்பட்டையை இடித்து
ரொட்டி மாவில் கலந்தது.
சப்பான்காரன் காலத்து மரவள்ளியைச் சொல்ல நினைத்தேன்.
சொல்லவில்லை.
அவள் ஊர் வழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது எனக்கும்.

பிறகு கரியில் விரல் தொட்டு
சுவரில் இரண்டு சொல் எழுதினாள்.
துலி என்றால் தீ.
தூலி என்றால் காற்று.
நடுவில் ஒரு எழுத்து இரட்டித்தால் போதும்.
"குறில், நெடில்" என்று துள்ளிவிட்டேன்.
கல், கால். பல், பால்.
எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கத்திலும்
மூச்சை நீட்டினால் பொருள் மாறுகிறது.

போகும்போது ஒரு பை மிட்டாய் தந்தாள்,
கறுப்பாய், உப்பாய்.
மில் முழுக்கத் துப்பிற்று.
நான் தினம் ஒன்று தின்றேன்,
பிடித்து அல்ல, தீர்ந்துபோகட்டும் என்று.
தீர்ந்தபின் தேடுகிறது நாக்கு.

இப்போது டிசம்பர். ஊரெல்லாம் மழை.
அங்கே ஏரி கெட்டிப்பட்டு
மேலே கார் ஓட்டுகிறார்களாம்.
இரவு ஷிப்டில் காற்றுக்கதவைத் திறக்கும்போது
துலி, தூலி என்று வாய்க்குள் சொல்வது பழக்கமாயிற்று.
மந்திரம் என்று நினைத்துக் கூடவே சொல்கிறான்
சில்ஹெட்டிலிருந்து வந்த சொஹேல்.
அவன் வாயில் நெடில் நிற்பதில்லை.
திறப்பது காற்றை; சொல்வது தீயை.
திருத்த வாயெடுத்தேன்.
அதற்குள் உலை பிடித்துக்கொண்டது.